பேசாதவிய வீட்டு நாவல்

"அக்கா, உங்க பக்கத்தை இப்பத்தான் படிச்சேன். ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

வியாழக்கிழமை காலை. போனில் காஜா பாய். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்திரிகை ஏஜென்சி வைத்திருக்கிறார். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த வார இதழ், எங்கள் வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் அவர் கடையிலிருந்துதான் மினி பஸ் ஏறிப் போகும். என் பத்தியை முதலில் படிப்பவர் அவர். தப்பு இருந்தால் முதலில் திட்டுபவரும் அவரே.

தோசைக் கல்லில் மாவை ஊற்றிவிட்டு, "என்ன பாய், எழுத்துப் பிழையா?" என்றேன்.

"பிழையெல்லாம் இல்லக்கா. சரியா எழுதியிருக்கீங்க. அதான் பிரச்சினை. இது பேசாதவிய வீடுல்லா?"

"எந்த வீடு?"

"பேசாதவிய வீடுக்கா. புருசனும் பொண்டாட்டியும் வருசக்கணக்கா பேசிக்கிடாம இருக்காவல்லா... அவிய வீடு. சுத்துப்பட்டி பூரா தெரியுமே. அப்போ அந்த வீட்டு மருமகப் பொண்ணா இந்த நாவலை எழுதுனது?"

தோசை கருகியது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். சில வாரங்களுக்கு முன்னால், 'சமீபத்தில் படித்த நல்ல புத்தகங்கள்' என்று மூன்றைச் சொல்லியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பத்தி வெளிவந்த காலைதான் இது. ஒன்று பறவைகளைப் பற்றி. இன்னொன்று ஒரு டாக்டரின் அனுபவங்கள். மூன்றாவது, ஒரு சின்னப் பதிப்பகம் போட்ட நாவல். அதை எழுதியவர் புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு பெண். வள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் அதுவல்ல. புனைபெயரும் அதுவல்ல. இந்த ஒரு விஷயத்திலாவது எனக்குப் புத்தி வந்துவிட்டது.

வள்ளிதான் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார். இப்படி வருகிற புத்தகங்களுக்கு என் வீட்டில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். மேஜையில் கிடக்கும், மேலே காபி டம்ளர் உட்கார்ந்திருக்கும். கரண்ட் போன ஒரு மத்தியானம், வேறு வேலை ஓடாமல் இதைப் புரட்டினேன். கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

கதை இதுதான். கரிசல் காட்டில் ஒரு சம்சாரி வீடு, விவசாயக் குடும்பம். மாமனார், மாமியார், மருமகள். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். மாமனாரும் மாமியாரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே வீடு, ஒரே உலை, ஒரே ஆட்டு மந்தை. பேச வேண்டியது எல்லாம் மருமகள் வழியாகத்தான். "உங்க அத்தைகிட்ட சொல்லு, மழை வருது, வத்தலை அள்ளணும்னு" என்பார் மாமனார். பக்கத்தில் நிற்கும் மாமியார் காதில் அது விழாமலா இருக்கும்? விழும். ஆனாலும் அசையமாட்டாள். மருமகள் திரும்பி, "அத்தை, மாமா வத்தலை அள்ளச் சொல்லுதாவ" என்ற பிறகுதான் முந்தானையை இழுத்துச் செருகுவாள்.

மாமியாருக்குக் காய்ச்சல் வந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும் இடம் ஒன்று. ஜன்னலோரம் மாமியார், இந்தப் பக்கம் மாமனார், நடுவில் மருமகள். "காத்து அடிக்குது, கண்ணாடியைச் சாத்தச் சொல்லு." "தொறந்திருந்தாத்தான் மூச்சு விட முடியுது, சொல்லு." ஊர் வந்து சேரும்வரை அந்தப் பெண்ணின் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த பக்கத்திலேயே அழுதேன்.

அப்புறம், வியாழக்கிழமை அத்தியாயம். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசாத அந்த மனிதர், வியாழக்கிழமை ஆனால் மினி பஸ் வரும் இடத்துக்கு நடந்துபோவார். அவளுக்குப் பிடித்த வார இதழை வாங்கிவந்து அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார். மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. மருமகள்தான் வாசித்துக் காட்டுவாள்.

படித்து முடித்த கையோடு வள்ளிக்குப் போன் போட்டேன்.

"எப்படிம்மா இப்படி ஒரு கற்பனை?"

"கற்பனையா? எங்க வீட்டுல நடக்குததுதான் மேடம்" என்று சிரித்தவர், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேரைப் போட்டுராதீங்க மேடம். நான் எழுதுதது எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மாமாவுக்குத் தெரிஞ்சா எழுதவே விடமாட்டாவ. ரெண்டாவது நாவல் வேற பாதியில நிக்குது."

"கவலையே படாதே. பேர் வராது."

பேர் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வேறு என்னவெல்லாம் வந்தது என்கிறீர்களா? மினி பஸ் திரும்புகிற கடைசி ஊர். வாசலில் ரெட்டை வேப்பமரம். புழக்கடையில் நின்றால் காற்றாலைக் காத்தாடி தெரியும் வீடு. போதாக்குறைக்கு, 'இது கற்பனையே அல்ல, தன் வீட்டில் நடப்பதுதான் என்று எழுத்தாளரே என்னிடம் சொன்னார்' என்று ஒரு வரி. எழுதும்போது எவ்வளவு ஜோராக இருந்தது தெரியுமா? நல்ல புத்தகம் கிடைத்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னேன்... கூட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் பேரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மாரியப்பன் வீடு எது என்றால், எந்த மாரியப்பன் என்பார்கள். பஸ் எங்கே திரும்பும், வாசலில் என்ன மரம், ஊர் வைத்த பட்டப்பெயர் என்ன... இதைச் சொன்னால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். நான் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், பேரை மறைத்தால் ஆளை மறைத்ததாகிவிடும் என்று சென்னைக்காரி மாதிரி நினைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பட்டப்பெயரே 'பேசாதவிய வீடு'தான் என்பது மட்டும் எனக்கு நிஜமாகவே தெரியாது.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

வள்ளிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கட் செய்துவிட்டு மெசேஜ் போட்டார். 'பக்கத்துல ஆள் இருக்கு. அப்புறம் பேசுதேன் மேடம்.' அட, அப்புறம் பேச உன் கையில் போன் இருக்குமா பெண்ணே?

மறுபடி பாய்.

"பாய், அந்த ஊருக்கு இதழ் போயிட்டா?"

"இப்பத்தான் மினி பஸ்ஸுல ஏத்துனேன். அந்த ஊருக்கு ஒரே காப்பிதான்க்கா. அந்தப் பெரியவருதான் வாங்குவாரு."

வியாழக்கிழமை அத்தியாயம்! என் பத்தியை அந்த வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகப்போவது சாட்சாத் அந்த மாமனார்.

"கண்டக்டருக்குப் போன் போடுங்க பாய்."

"போட்டுட்டேன். டவர் இல்ல."

"அப்போ வண்டியை எடுங்க."

"அக்கா, நீங்க அங்கன போய் நின்னா, இவிய வீடுதான்னு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்."

"வீட்டுக்கே போகலை பாய். வழியில பஸ்ஸை மறிச்சு அந்த ஒரு காப்பியை வாங்கிட்டுத் திரும்பிருவோம்."

பாயின் ஆம்னி வேன் கிளம்பியது. எந்த ரோட்டில் என்று கேட்காதீர்கள். புதூர் பக்கமா, ஓட்டப்பிடாரம் பக்கமா... சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். முந்தின நாள் நல்ல மழை. வருஷம் பூரா மழை மழை என்று ஏங்கும் ஜனம் நாங்கள். அன்றைக்கு அந்த ஈரத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"அப்படி என்னதான் சண்டை பாய் அவங்களுக்குள்ள?"

"யாருக்குத் தெரியும்? அவியளுக்கே மறந்திருக்கும்."

"பெரியவர் எப்படி? கோபக்காரரா?"

"கத்த மாட்டாரு. ஆனா ஒண்ணைச் சொன்னா சொன்னதுதான். பேச மாட்டேன்னு ஒரு தடவை சொன்னாரு, பாத்துக்கிட்டீங்கல்லா?"

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அதற்குள் என் போன் டிங் டிங் என்றது. உள்ளூர் வாட்ஸ்அப் குரூப். என் பத்தியை எவரோ போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். கீழே, 'இது நம்ம பேசாதவிய வீடுல்லா?' அதற்குக் கீழே சிரிக்கும் மூஞ்சிகள் வரிசையாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி வெளியே எறியலாம் போலிருந்தது. இனிமேல் அந்த ஒரு காப்பியைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

"திருப்பவாக்கா?" என்றார் பாய்.

திருப்பலாம். வீட்டுக்குப் போய், வருத்தம் தெரிவித்து ஒரு நாலு வரி எழுதலாம். ஆனால் அங்கே ஒரு பெண் தன்னந்தனியாக நிற்கப்போகிறாளே. கல்யாணமாகி வந்த வீட்டில், யாருக்கும் தெரியாமல், பாத்திரம் கழுவின கை காய்வதற்குள் எழுதி எழுதி ஒரு நாவலை முடித்தவள். பாதியில் நிற்கும் இன்னொன்று. அது என் வாயால் போகும் என்றால்...

"வேண்டாம் பாய். ஓட்டுங்க."

கடைசித் திருப்பத்தில் மினி பஸ் எதிரே வந்துவிட்டது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "பாய், புத்தகத்தைக் குடுத்தாச்சு! டீக்கடையில பெரியவரு முன்னாடியே சத்தமா வாசிச்சுட்டானுவ!" என்று கத்திக்கொண்டே போனான்.

பஸ்ஸுக்கு ஒதுங்கி இடம் விட்ட வேன், ரோட்டோரக் கரிசலில் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தது. பாய் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் உள்ளே போனது. நான் இறங்கி நடந்தேன். ஈரக் கரிசலில் நடந்திருக்கிறீர்களா? பத்தடி வைப்பதற்குள் செருப்பு ஆளுக்கு மேல் கனக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனேன். டீக்கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை. நான் எழுதிய அடையாளம் எனக்கே போதுமானதாக இருந்தது.

ரெட்டை வேப்பமரம். வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கையில் இதழ், என் பக்கத்தில் மடித்திருந்தது. எதிரே வள்ளி. போனில் மட்டுமே கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன முகமா? உள்ளே, அடுப்படி நிலையில் சாய்ந்தபடி மாமியார். வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து தலைகள்.

"யாரு நீங்க?"

ஏதாவது பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லலாம். கால் முட்டிவரை சேறும் கையில் செருப்புமாக வருகிறவளை எந்த ஆபீசில் கணக்கெடுக்க அனுப்புவார்கள்? அதற்குள் அவர் இதழில் இருந்த என் போட்டோவைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"நான்தான்யா. தப்பு என் மேலதான். அந்தப் பிள்ளை வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு..."

"எங்க வீட்டுச் சங்கதியை ஊருக்குச் சொல்ல நீங்க யாரு?"

என்ன பதில் சொல்ல? நல்ல நாவல், அதனால்தான் என்றா? மானம் போய் நிற்கும் மனிதரிடம் இலக்கியம் பேசுவதா? தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் வள்ளி பக்கம் திரும்பினார். குரல் ஏறவே இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"நீ எழுதுனதா?"

"ஆமா மாமா."

"உங்க அத்தைகிட்ட கேளு. இது அவளுக்குத் தெரியுமான்னு."

அத்தை நிற்பது நாலடி தூரத்தில். வள்ளி திரும்பினார். கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது. ஆனாலும் பழகிப்போன வேலையாயிற்றே...

"அத்தை, மாமா கேக்காவ. இது உங்களுக்குத் தெரியுமான்னு."

"தெரியும்னு சொல்லு."

வள்ளி ஆடிப்போய்விட்டார். மாமனாருக்குச் சொல்லக்கூட மறந்து, "அத்தை... எப்படித் தெரியும்?" என்றார்.

"யாரோ எழுதுன கதைன்னுதான எனக்கு அதை வாசிச்சுக் காட்டுன? என் வாயில வந்த பேச்சு எனக்குத் தெரியாதா ஏட்டி?"

பெரியவர் இதழை இரண்டாக மடித்தார். மறுபடி மடித்தார்.

"சரி. உங்க அத்தைகிட்ட சொல்லிரு. இவ இனிமே இந்த வீட்டுல எழுதக் கூடாது. எழுதி வச்சிருக்கதை எல்லாம் எடுத்து அடுப்புல போடணும். இதுக்கு மேல பேச்சு கிடையாது."

வள்ளி அத்தை பக்கம் திரும்பினார். அதையும் அவர்தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? வேறு யார் இருக்கிறார்கள்?

"அத்தை... நான் இனிமே எழுதக் கூடாதுன்னு... எழுதி வச்சிருக்கதை அடுப்புல போடச் சொல்லுதாவ, மாமா."

தனக்கு விதித்த தண்டனையை ஒரு பெண் தானே வாசித்துக் காட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த கோபத்தில் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அதற்குள் மாமியார் நிலையை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன் எழுதக் கூடாது?"

வள்ளி தன்னால் மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, அத்தை கேக்காவ, ஏன்..."

"ஏட்டி, நீ சும்மா இரு. நான் அவியகிட்ட கேக்கேன்." அந்த அம்மாள் கணவர் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்களத்தான். அவ ஏன் எழுதக் கூடாதுங்கீங்க?"

வேலியோரத் தலைகள் அசையவில்லை. பெரியவர் வள்ளியைப் பார்த்தார். "உங்க அத்தைகிட்ட..." என்று ஆரம்பித்தார். முடிக்க வரவில்லை. இதழைக் கை மாற்றினார். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, மனைவிக்குப் பதில் சொன்னார்.

"வீட்டு மானம் போகுதுல்லா?"

"போக என்ன மிச்சம் இருக்கு? பேசாதவிய வீடுன்னு ஊரே பேரு வச்சிருக்கு. அவ எழுதுனதாலயா அந்தப் பேரை வச்சாவ? நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நானும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரு சொல்லுததையும் இத்தனை வருசமா நடுவுல நின்னு கேட்டவ அவ ஒருத்திதான். கேட்டவ எழுதத்தான் செய்வா."

பெரியவர் மடித்த இதழைப் பிரித்தார். பிறகு, கேட்கக் கூச்சப்படுகிற குரலில், "அதுல... என்னையக் கெட்டவனாவா எழுதியிருக்கா?" என்றார்.

"வாசிச்சுப் பாருங்க. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை புத்தகம் வாங்கியாந்து எனக்குன்னு வைக்கீங்கல்லா, அதையும் எழுதியிருக்கா." அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்தது. "ஒரு நாளாவது அதை நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அவ சொல்லியிருக்கா."

வள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். யாரும் யாருக்கும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. பெரியவர் வேலிப் பக்கம் பார்த்து, "என்ன வேடிக்கை? போங்கலே" என்று அதட்டினார். தலைகள் கலைந்தன. பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் புத்தகம் ஒண்ணு எனக்கு வேணும்" என்றார். அடுப்பு என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

"உள்ள வாங்க தாயி, காலைக் கழுவிட்டு" என்றார் மாமியார். "போட்டோவுல கொஞ்சம் வயசு கம்மியா தெரிஞ்சீங்க." அன்றைக்கு எதைச் சொல்லியிருந்தாலும் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன். வேனை ஆள் வைத்துத் தூக்கிவிட்டு, அரைக்கால் சேற்றோடு பாய் வந்து சேர்ந்தபோது, எனக்கு இரண்டாவது காபி ஆகியிருந்தது.

இதையெல்லாம் எழுதலாமா என்று மூன்று பேரிடமும் கேட்டுவிட்டேன். முழுசாக வாசித்தும் காட்டிவிட்டேன். ஊரையும் மரத்தையும் மாற்றச் சொன்னார் பெரியவர். மாற்றியாயிற்று. 'அன்னைக்கு அவிய எங்கிட்ட சொன்னதை அப்படியே போடுங்க, மாத்தாதீங்க' என்றார் அந்த அம்மாள். மாற்றவில்லை. ஆகவே, அந்த நாவலை மறுபடியும் சிபாரிசு செய்கிறேன். வாங்கிப் படியுங்கள். எழுதியவர் வீடு எது என்று மட்டும் தேடாதீர்கள்.

போன வாரம் வள்ளியிடம் பேசினேன். இரண்டாவது நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்க மேடம் எழுத? முந்தி மத்தியானம் ஆனா வீடே கப்சிப்னு இருக்கும், நான் பாட்டுக்கு எழுதுவேன். இப்போ மாமா ஒரு பக்கம் வாசிப்பாவ. உடனே புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு அத்தைகிட்ட போய், 'ஏட்டி, நான் எப்போ இப்படிச் சொன்னேன்?'ம்பாவ. 'சொன்னீங்க'ம்பாவ அத்தை. அவ்வளவுதான், பொழுதடையுதவரை ஓயாது. இந்தா, கேக்குதா?"

கேட்டது. இரண்டு குரல்கள், ஒன்றை ஒன்று பேசவிடாமல்.

எழுதாமல் இருப்பதற்கு எழுத்தாளர்கள் சொல்லும் காரணங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல காரணம் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.